யாழ்ப்பாணத்தில் ஓர் அடுப்பு யாத்திரை

பிரயாணக் கட்டுரை எழுதுவோர் கோயில்களையும் கோட்டைகளையும் கடற்கரைகளையும் பற்றி எழுதுவது வழக்கம். யாழ்ப்பாணத்துக்குச் செல்பவருக்கு இம்மூன்றிலும் குறைவில்லை. ஆயினும், நல்லூர்த் திருவிழாவுக்கென்று கொழும்பிலிருந்து சென்ற நாம், அந்நகரில் ஒரு முழுப்பகலைக் கோயிலிலும் கழிக்கவில்லை, கோட்டையிலும் கழிக்கவில்லை. பழுதுபட்ட காஸ் அடுப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதனைத் திருத்தத் தெரிந்த ஒருவரைத் தேடி வீதி வீதியாக அலைந்தோம். அந்த அலைச்சலில் நாம் கண்டதையும், அதன் முடிவில் எமக்கு நேர்ந்த தலைகுனிவையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது பெரியம்மா கொக்குவிலில் தனியே வாழ்கின்றார். பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்டனர். முன்விறாந்தையும் இரண்டு அறைகளும் பின்னால் ஒரு குசினியும் கொண்ட சிறிய வீடு. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் போய்விட்டனர்; குசினி என்னும் அவர்களுடைய சொல் மாத்திரம் எமது வீடுகளில் தங்கிவிட்டது. அந்தக் குசினியில் இரண்டு அடுப்புகள் உள்ளன. ஒன்று, மூலையில் மண்ணால் மெழுகிய விறகடுப்பு. மற்றையது, மேசைமேல் இருக்கும் இரட்டைக் காஸ் அடுப்பு. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களோடு வரிசையில் நின்ற வேளையில் மூலையடுப்பே தம்மைக் காத்தது என்று பெரியம்மா சொல்வார். ஆனால், எண்பதை அண்மித்த வயதில் குனிந்து ஊதி விறகெரிக்க அவருடைய முதுகு இப்போது இடங்கொடுப்பதில்லை. காஸ் அடுப்பே துணை.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் விழா. இருபத்துநான்காம் நாள் தேர். அன்று பெரியம்மா வீட்டில் இருபது பேருக்காவது இலை போடவேண்டும் என்பது பெரியப்பா இருந்த காலந்தொட்டு வந்த வழக்கம். தேருக்கு மூன்று நாள் முன்னர் நாம் போய் இறங்கியபோது அடுப்பு சுகவீனமுற்றிருந்தது. நீலமாய்ச் சீறி எரியவேண்டிய சுடர், மஞ்சளாய்ச் சோம்பி அசைந்து எரிந்தது. பானைகளின் அடி கரியாயிற்று. கஞ்சி கொதிக்கவே அரைமணி நேரமாயிற்று.

“புதிது ஒன்று வாங்கித் தருகிறோம், பெரியம்மா” என்றோம்.

“உதுக்கு என்ன குறை? ஆராவது கைதெரிஞ்ச ஆளிட்டைக் காட்டு, தம்பி” என்றார் அவர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றிரவு எமது விஞ்ஞான அறிவைக் காட்டும் ஆசை எமக்கு உண்டாயிற்று. மூடியை அகற்றிப் பார்த்தோம். உள்ளே பித்தளையால் ஆன சிறு மூக்கொன்று தெரிந்தது. அதன் நுனியில் மயிரிழை போன்ற துவாரம். அடைத்துக்கொண்டுவிட்டது போலும் என்று தீர்மானித்து, தையற்பெட்டியிலிருந்து ஊசியொன்றை எடுத்துக் குத்தித் திருகித் துப்புரவாக்கினோம். அதன்பின் சுடர் முன்னிலும் மஞ்சளாக, முன்னிலும் உயரமாக எழுந்தது. அதனை எவருக்கும் சொல்லாமல் உறங்கச் சென்றோம்.

மறுநாட் காலை அடுப்பைக் கழற்றிப் பத்திரிகைத் தாளிற் சுற்றி முச்சக்கர வண்டியில் ஏறினோம். காங்கேசன்துறை வீதி வழியே தட்டாதெருச் சந்தியையும் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலையும் கடந்து நகரத்தை அடைந்தோம். திருவிழாக் கூட்டத்தினால் கடைத்தெரு நிறைந்திருந்தது. கண்ணாடிக் கதவுகள் பொருத்திய பெரிய கடை ஒன்றினுள் முதலிற் புகுந்தோம். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். அடுப்பைத் தாளிலிருந்து முழுமையாக அவிழ்க்கவும் விடவில்லை.

“இது பழைய மொடல், ஐயா. இதுக்குப் பாட்ஸ் வராது. புதுசு எடுக்கிறதுதான் நல்லது” என்று கூறி, பளபளக்கும் கண்ணாடி அடுப்புகளின் விலையை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மின்சார நிலைய வீதிப் பக்கமாக இருந்த மற்றொரு கடையில் காஸ் குழாய்களும் றெகுலேற்றர்களும் சரமாகத் தொங்கின. அங்கே திருத்துபவர் ஒருவர் இருந்தார். ஆனால் திருவிழாவுக்காக விடுமுறையிற் போய்விட்டார். தீர்த்தம் முடிந்து வருவார் என்றனர். தீர்த்தம் முடிந்தபின் அடுப்பு எரிந்து எமக்கு ஆவதென்ன? மூன்றாவது கடையில், “உப்பிடியான வேலையள் இப்ப நாங்கள் பாரம் எடுக்கிறேல்லை” என்று கையை விரித்தனர்.

வெயில் உச்சிக்கு ஏறியது. அடுப்பின் பாரமும் ஏறியது. ஆஸ்பத்திரி வீதியைக் கடந்து நடந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகே நிழலொன்றைத் தேடி நின்றோம். 1875ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகார்த்தமாக எழுந்தது இக்கோபுரம். போரிலே சேதமுற்றுப் பின்னர் திருத்தப்பெற்றது. அதற்கு அண்மையிலேயே, 1981இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டியெழுப்பப்பட்ட பொது நூலகம் வெண்ணிறமாய்த் தெரிகின்றது. நாம் வந்திறங்கிய ரயில்நிலையமும் அவ்வாறானதே. 1990இல் நின்ற ரயில் 2014இலேயே மீண்டும் அங்கு வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை திருத்தி எடுத்த பொருள்களே நிறைந்த இந்நகரில், ஓர் அடுப்பைத் திருத்த ஆளில்லையா என்ற எண்ணம் எமக்கு உண்டாயிற்று.

உண்மையில், திருத்துவதில் யாழ்ப்பாணத்தாருக்கு நிகர் எவர்? 1990ஆம் ஆண்டின் பின் ஆண்டுக்கணக்காகக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பெற்றோலும் மின்கலங்களும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். அக்காலத்தில் மாணவர்கள் ஜாம் போத்தலுக்குள் சில துளி மண்ணெண்ணெயை எரித்து அவ்வொளியிற் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். பெற்றோலில் ஓடவேண்டிய மோட்டார்ச் சைக்கிளைச் சிறிது பெற்றோல் காட்டி உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினர். இங்கிலாந்து மறந்துபோன மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கார்களும் இந்த வீதிகளிற் பல்லாண்டு ஓடியதும் இக்கைகளின் திறமையாலேயே. அந்தக் கைகள் எங்கே போயின?

விடை சொன்னவர் வீதியோரத்தில் சைக்கிளுக்கு ரியூப் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர். எமது கையிலிருந்ததைக் கண்டு, கேளாமலே பேசினார்.

“காஸ் அடுப்போ? திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னாலை போங்கோ. பெற்றோமக்ஸ் திருத்திற ஐயா எங்கை எண்டு ஆரிட்டையும் கேளுங்கோ, காட்டுவினம்.”

நல்லூரைச் சூழ்ந்த வீதிகள் திருவிழாவுக்காக மூடப்பட்டிருந்தமையால் பலாலி வீதியால் திருநெல்வேலிச் சந்தையை அடைந்தோம். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாழைக்குலைகளும் மலைபோற் குவிந்திருந்தன. வெற்றிலை விற்ற அம்மையார் ஒருவர் ஒழுங்கையைக் காட்டினார். ஒழுங்கையின் முடிவில் ஒரு தகரப் படலை. படலைக்குள்ளே வேப்பமர நிழலில் ஒரு கொட்டில். பெயர்ப்பலகை இல்லை. கொட்டிலின் வளையில் பெற்றோமக்ஸ் விளக்குகள் வரிசையாகத் தொங்கின. கீழே, மூடியில்லாப் பால்மாப் பேணிகளில் திருகாணிகளும் பித்தளைத் துண்டுகளும் இனம் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எம்மைப் பார்த்தார்.

தாம் பதினாறு வயதில் பெற்றோமக்ஸ் விளக்கோடு தொழிலைத் தொடங்கியதாகச் சொன்னார். கோயில் திருவிழாக்களும் கல்யாண வீடுகளும் அந்த விளக்குகளை நம்பியே நடந்த காலம் அது. பின்னர் காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு. சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோமில் லின்ட்குவிஸ்ற் என்பவர் 1892இல் ஆக்கிய பிறைமஸ் அடுப்பின் வழிவந்தவை அவை. இப்போது காஸ் அடுப்பு.

“மூண்டும் ஒரே தாயின்ரை பிள்ளையள், தம்பி. சின்ன ஓட்டையாலை வேகமா வரவேணும், வாற வழியிலை காத்தை இழுக்கவேணும், பிறகு எரியவேணும். இதை விளங்கினவனுக்கு மூண்டும் ஒண்டுதான்” என்றார்.

அடுப்பை மடியில் வைத்து மூடிகளை அகற்றினார். கலவைக் குழாயினுள் மெல்லிய தூரிகையை விட்டு இழுத்தார். தூரிகையின் நுனியில் சிலந்தி வலையும் சிறிது மண்ணும் ஒட்டிக்கொண்டு வந்தன. பின்னர் பித்தளை மூக்கைக் கழற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“சிலந்தி தன்ரை வேலையைச் செய்திருக்கு. அது பிழையில்லை. இதுக்குள்ளை ஊசியாலை குத்தினது ஆர்?”

நாம் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

அம்மூக்கின் பக்கத்தில் சிறு இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பதை எமக்குக் காட்டினார். துவாரத்தின் அகலம் அது. ஒரு மில்லிமீற்றரை நூறு பங்காக்கி, அப்பங்குகளில் அளந்து எழுதியது. அத்துணை நுட்பமான துவாரத்தை இரும்பு ஊசி அகட்டிவிடும். அப்போது காஸ் அளவுக்கு மிஞ்சி வரும். அதற்கேற்ற காற்று வராது. சுடர் மஞ்சளாகிப் புகை கட்டும். பேணியொன்றிலிருந்து அதே இலக்கம் பொறித்த வேறொரு மூக்கைத் தேடி எடுத்தார். கழித்துப்போட்ட அடுப்புகளிலிருந்து கழற்றிச் சேர்த்து வைத்தவை அவை. “பாட்ஸ் வராது” என்று நகரத்திற் சொன்னார்களே, அந்தப் பாட்ஸ் இந்தப் பேணிக்குள் இருந்தது.

வேலை முடிந்தது என்று நாம் எண்ணிப் பணப்பையை எடுத்தோம். அவர் கையமர்த்தினார்.

“குழாயும் றெகுலேற்றரும் எங்கை?”

“வீட்டில் இருக்கின்றன.”

“அப்ப அடுப்பிலை பாதியைத்தான் கொண்டு வந்தனீங்கள். இருங்கோ, வாறன்.”

சைக்கிளின் பின்னால் சிறிய பெட்டியொன்றைக் கட்டிக்கொண்டு, ஆடியபாதம் வீதி வழியே எமது வண்டிக்குப் பின்னால் அவர் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தார். பெரியம்மா தேநீர் கொடுத்தார். அயல்வீட்டில், உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கின்றாள். புதியவர் ஒருவர் வந்ததைக் கண்டு அவளும் குசினி வாசலில் வந்து நின்றாள். பெரியவர் அடுப்பைக் குழாயோடு பொருத்தினார். றெகுலேற்றரைத் திறந்தார். நெருப்புப் பெட்டியைத் தொடவில்லை. கிண்ணமொன்றில் சவர்க்காரத்தைக் கரைத்து, நுரையைத் தூரிகையால் தொட்டுக் குழாயின் இரு முனைகளிலும் திறப்புகளிலும் பூசினார்.

சிலிண்டரின் பக்கமாக இருந்த முனையில், கவ்வியின் ஓரத்தில், நுரை மெல்லப் பொங்கியது. ஒரு குமிழி பெருத்து உடைந்தது. மற்றொன்று பெருத்தது. அவர் உடனே றெகுலேற்றரை மூடி, யன்னலையும் பின்கதவையும் அகலத் திறந்தார்.

“அம்மா, உங்களுக்கு மணக்கேல்லையோ?” என்று கேட்டார்.

“என்ன மணம்?” என்றார் பெரியம்மா.

குசினியில் நின்ற எவரும் சிறிது நேரம் பேசவில்லை. அம்மணம் எமக்குத் தெரிந்தது. வந்த நாள்தொட்டே அது மெல்லியதாய் அங்கே இருந்ததையும் நினைவுகூர்ந்தோம். காஸ் அடுப்புள்ள வீட்டுக்கு அது இயல்பென்று எண்ணி வாளாவிருந்தோம். பெரியவர் விடவில்லை. கோப்பித்தூள்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். பெரியம்மா முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். பின்னர் தாழ்ந்த குரலிற் சொன்னார்:

“இரண்டு வரியமாக் கற்பூர மணமும் தெரியிறேல்லை. வயசு போனால் அப்பிடித்தானே எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

நாளும் பூக்கொய்து சுவாமிப் படத்துக்குச் சாத்துபவர் அவர். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பூவின் மணமும் அறியாமற் சாத்தியிருக்கின்றார். ஆண்டுக்கொருமுறை வந்து போகும் நாம் அதனை அறிந்திருக்கவில்லை. புதிய அடுப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பியிருந்தால், அந்தப் பழைய குழாயைப் புதிய அடுப்பிலேயே மாட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்போம்.

மாணவர்களும் இல்லத்தரசிகளும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது. சமையல் எரிவாயு புறொப்பேனும் பியூற்றேனும் கலந்தது. ஒரு பங்கு புறொப்பேன் செம்மையாய் எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூற்றேனுக்கு ஏறக்குறைய 31 பங்கு. மூக்கிலிருந்து விரைந்து பாயும் காஸ் அக்காற்றில் ஒரு பகுதியைத் தானே இழுத்துக்கொள்கின்றது. மீதி சுடரைச் சூழ்ந்துள்ள காற்றிலிருந்து கிடைக்கின்றது. வழியில் சிலந்தி வலை கட்டினால் காற்றுக் குறைந்து சுடர் மஞ்சளாகின்றது. கரியோடு காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவும் உண்டாகின்றது. இதனை மாணவி சொல்ல, பெரியவர் ஆமோதித்தார்.

கசிவின் கதை வேறு. எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிந்தால் மனிதர் அறியவேண்டும் என்பதற்காகவே மேர்கப்டன் என்னும் கெடுமணப் பொருளைச் சிறிதளவு கலக்கின்றனர். காற்றிலும் பாரமான வாயுவாதலால், அது மேலெழுந்து போகாமல் தரையோடு தங்கும். மின்விளக்கைப் போடும் சிறு பொறியே அதற்குப் போதுமானது. மூக்கு உணராத ஒருவருக்கு அந்தக் காவல் இல்லை. 2021ஆம் ஆண்டின் கார்த்திகை, மார்கழி மாதங்களில் நாட்டின் பல பாகங்களில் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்ததும், அவற்றை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அச்சம் தணிந்ததும் நாம் அனைவரும் மறந்துவிட்டோம்.

பெரியவர் தம் பெட்டியிலிருந்து எஸ்.எல்.எஸ். முத்திரை கொண்ட புதிய குழாயை எடுத்துப் பொருத்தினார். இறுகிப்போயிருந்த இடப்பக்கத் திறப்பைக் கழற்றி, உலர்ந்த பழைய மசகைத் துடைத்துப் புதிதாகப் பூசினார். மறுபடியும் சவர்க்கார நுரை. இம்முறை நுரை அசையவில்லை. அதன்பின்னரே நெருப்புக்குச்சியைக் கிழித்தார். இரு அடுப்புகளிலும் சிறிய நீலப் பற்கள் வட்டமாக எழுந்தன.

பின்னர் பெரியம்மாவை எதிரே இருத்தி, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். சமையல் முடிந்தவுடன் அடுப்பின் திறப்பை மாத்திரம் மூடாமல் றெகுலேற்றரையும் மூடவேண்டும். சமைக்கும்போது யன்னல் திறந்திருக்கவேண்டும். சனிக்கிழமைதோறும் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கவேண்டும். குழாயைக் கண்டபடி மடிக்கலாகாது. வெடிப்பு விழுமுன் மாற்றவேண்டும். கசிவென்று ஐயம் வந்தால் மின்சார ஆளியைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திறந்துவிட்டு வெளியே வரவேண்டும். கசிவை அறிந்து ஓசை எழுப்பும் கருவிகள் விற்பனைக்கு உண்டென்றும், அதனைக் கூரையோரம் மாட்டாமல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டவேண்டும் என்றும் எமக்குச் சொன்னார்.

“சனிக்கிழமை நான் வந்து பூசிப் பார்க்கிறன், அம்மம்மா. அதோடை ஒவ்வொரு நாளும் வந்து மணந்து பார்க்கிறன்” என்றாள் மாணவி.

“உனக்கு ஊசி வேண்டாம், பிள்ளை” என்றார் பெரியவர், எம்மைப் பாராமலே.

கூலியாக அவர் கேட்ட தொகை, குழாயின் விலையையும் சேர்த்து, பெரிய கடையிற் சொன்ன புதிய அடுப்பின் விலையிற் பத்திலொரு பங்கும் இல்லை. கூடுதலாகக் கொடுத்தோம், எண்ணிப் பார்த்து மீதியைத் திருப்பித் தந்தார். இத்தொழிலை எவராவது பழகுகின்றனரா என்று கேட்டோம்.

“வாறாங்கள். ஆறு மாதம் நிண்டு கொஞ்சம் பிடிபட்டவுடனை வெளிநாடு போயிடுவாங்கள். அங்கையும் அடுப்பு இருக்குத்தானே” என்று சிரித்தார்.

படலைவரை சென்று வழியனுப்பினோம். அவர் சைக்கிள் மிதித்துப் போகையில், எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை பேசிச் சென்றதைக் கண்டோம். எந்த வீட்டில் எந்த அடுப்பு, அதனைச் சமைப்பவர் யார், அவருக்குக் கண் எப்படி, காது எப்படி என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் இவ்வறிவை விலைக்குப் பெற வழியில்லை. திருத்துபவர் ஒருவர் நடந்து வரும் தூரத்தில் இருப்பது ஒரு குடும்பத்துக்கு எத்துணைப் பாதுகாப்பு என்பதை அன்று உணர்ந்தோம்.

தேரன்று விடியற்காலையில் நல்லூர் சென்று தரிசித்துத் திரும்பினோம். மதியம் இருபத்துமூன்று பேருக்கு இலை விழுந்தது. பருப்பும் வாழைக்காய்க் கறியும் பாயாசமும் நீலச் சுடரில் வெந்தன. பானைகளின் அடியில் கரி இல்லை. பந்தி முடிந்தபின் பெரியம்மா எழுந்து, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் சென்றார். றெகுலேற்றரை மூடும் ‘டக்’ என்ற ஓசை விறாந்தை வரை கேட்டது.

கொழும்புக்குத் திரும்பிய வாரமே அந்த ஓசை எழுப்பும் கருவியை வாங்கி அனுப்பினோம். மாணவி அதனைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டிவிட்டதாகத் தெரிவித்தாள். வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டிலும் இப்போது சனிக்கிழமைதோறும் சவர்க்கார நுரை கரைக்கின்றோம். ஊசிப் பெட்டி அலுமாரியின் மேற்றட்டில் இருக்கின்றது.